தாயும் உட்கார்ந்த பந்தி



ரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மக்கள் திரளாகக் கூடுவார்கள். பாப்பரசர் மேல்மாடிச் சன்னலில் தோன்றி, சுவிசேஷத்தைச் சிறிது விளக்கி, திரிகால செபம் சொல்லி, ஆசீர்வாதம் அளிப்பார். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 21-ம் நாள் ஆண்டவரில் இளைப்பாறிய பாப்பரசர் பிரான்சிஸ், இந்தச் செபக் கூட்டத்தை முடிக்கும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார். தமக்காக வேண்டிக்கொள்ள மறவாதீர்கள் என்பார். பிறகு, உங்களுக்கு நல்ல மதிய போசனம் வாய்க்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுவார்.

பாப்பரசருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களோ? மிகுந்த சம்பந்தம் உண்டு. காலையில் திவ்விய பலிபூசை, நண்பகலில் திரிகால செபம், அதன்பின் குடும்பம் கூடியிருந்து உண்ணும் போசனம். இவை ஒரே ஞாயிறின் மூன்று படிகள். முதல் இரண்டையும் பக்தியாய் ஏறிவிட்டு மூன்றாவதில் தடுக்கி விழும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். ஆகையால் இந்த வாரம் பந்தியைப் பற்றியே பேசுவோம். அதற்காக உங்களைச் சற்று நேரம் ரோமாபுரிக்கே அழைத்துப் போகிறேன்.

2025-ம் ஆண்டு பரிசுத்த வருடமாய்க் கொண்டாடப்பட்டது. நம் நாட்டிலிருந்தும் பல குடும்பங்கள் அங்கே திருயாத்திரை சென்று வந்தன. இத்தகைய யாத்திரைகளில் வழிநடத்துவோர் பெரும்பாலும் நம் நாட்டுச் சாப்பாடு கிடைக்கும் விடுதிகளையே தேடி அழைத்துச் செல்வார்கள். ஆனால் ஏதோ ஒரு மதியம் அவரவர் விருப்பம்போல் சாப்பிடுங்கள் என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்படி விடப்பட்ட ஒரு குடும்பத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். தகப்பன், தாய், மகன், மகள், பாட்டி என ஐந்து பேர். பேராலயத்துக்கு அடுத்துள்ள போர்கோ என்ற பழைய பகுதியின் சந்தொன்றில் நடந்து, திராத்தோரியா என்று பலகை மாட்டிய ஒரு கடைக்குள் நுழைகிறார்கள்.

அந்த நாட்டில் ஆடம்பரமான உணவுச்சாலைக்கு ரிஸ்தொராந்தே என்று பெயர். திராத்தோரியா என்பது சாதாரணக் குடும்பங்கள் போகும் எளிய சாப்பாட்டுக் கடை. மேசைமேல் பல இடங்களில் காகித விரிப்புதான் இருக்கும். அடுப்பங்கரையின் சத்தம் வெளியே கேட்கும். ஞாயிறு மதியத்தில் அக்கம்பக்கத்து மேசைகளில் தாத்தா முதல் தொட்டில் குழந்தை வரை ஒரே குடும்பமாய் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை மணி வாக்கில் தொடங்கும். இரண்டரை அல்லது மூன்று மணிக்குமேல் பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பிறகு மாலை ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி மூட்டுவார்கள். சாப்பாட்டுக்கு ஒரு வேளை உண்டு, அந்த வேளையில் எல்லோரும் வந்து உட்காருங்கள் என்பதே அங்கே சட்டம்.

நம் குடும்பத்தார் உட்கார்ந்தாயிற்று. பரிசாரகர் பென்சிலோடு வருகிறார். பெண்களிடம் முதலில் கேட்பது மரியாதை அல்லவா? தாயைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா என்று கேட்கிறார். தாய் தகப்பனைப் பார்க்கிறாள், பிள்ளைகளைப் பார்க்கிறாள். “இவர்களுக்கு எதுவோ அதுவே எனக்கும்” என்கிறாள். பரிசாரகருக்குத் தமிழ் தெரியாது. அவர் புன்னகையோடு பென்சிலைப் பிடித்தபடி நிற்கிறார். மகள் உணவுப் பட்டியலைத் தாயிடம் நீட்டி, “இல்லை அம்மா, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறார்” என்கிறாள். மேசையில் ஒரு கணம் மௌனம். ஏனெனில், அதற்கு விடை அந்த மேசையில் ஒருவருக்கும் தெரியாது. மகனுக்கு என்ன பிடிக்கும், மகளுக்கு எது ஆகாது, தகப்பனுக்கு எத்தனை உப்பு, பாட்டியின் பல்லுக்கு எது மெத்தென்று இருக்கும், இவை யாவும் தாய்க்கு மனப்பாடம். தாய்க்கு என்ன பிடிக்கும் என்பதோ, இருபது ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், யாரும் கேளாத கேள்வி.

இது நான் கற்பனையில் வரைந்த காட்சிதான். ஆனாலும் இதை வாசிக்கும் பிள்ளைகளே, ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். உங்கள் தாய்க்குப் பிடித்த பதார்த்தம் எது? உங்களுக்காக அவள் அடிக்கடி சமைப்பதைச் சொல்லாதீர்கள். அவளுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள். பதில் உடனே வருகிறதா?

சாப்பாடு வருகிறது. நம் இலையில் எல்லாம் ஒரே சமயத்தில் பரிமாறப்படும். அங்கே அப்படியில்லை. பசி தூண்டச் சிறிது முன்னுணவு, பிறகு பாஸ்தா, பிறகு மீனோ இறைச்சியோ அதனோடு காய்கறி, கடைசியில் இனிப்பும் காப்பியும் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அத்தனையும் கட்டாயமில்லை, பையிலுள்ள பணத்துக்கும் வயிற்றுக்கும் ஏற்ப ஒன்றிரண்டு சொன்னாலும் போதும். ஆனால் ஒரு ஒழுங்கைக் கவனியுங்கள். எல்லோருக்குமுரிய பாஸ்தாத் தட்டுகளைச் சேர்த்தே கொண்டுவருவார்கள். ஐவரும் ஒன்றாய்த் தொடங்குவார்கள். அடுத்தது வரும்வரை ஐவரும் ஒன்றாய்க் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் பேசாமல் என்ன செய்வது? பேசத்தான் வேண்டும். 2025-ம் ஆண்டு டிசம்பர் 10-ம் நாள் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியரின் சமையலை மானிட சமுதாயத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாய்ப் பட்டியலில் சேர்த்தது. ஏதோ ஒரு பலகாரத்தின் ருசிக்காகக் கிடைத்த பெருமை அன்று அது. ஆக்குவதையும், கூடி உண்பதையும், அதைப் பாட்டி பேரப்பிள்ளைக்குக் கற்பிப்பதையும் சேர்த்தே அந்தக் குழு பாராட்டியது.

இந்த ஒழுங்கில் நம் தாய் என்ன செய்கிறாள்? முதல் தட்டு வந்ததும் அவள் கை தன்னையறியாமல் கரண்டியைத் தேடுகிறது. கரண்டி அவள் கையில் இல்லை. எழுந்து நிற்கப் பார்க்கிறாள். நிற்க இடமில்லை. வேறு வழியின்றி, கணவனும் பிள்ளைகளும் உண்ணும்போதே அவளும் உண்கிறாள். ஆவி பறக்கும் சூட்டோடு உண்கிறாள். மகன் சொன்ன வேடிக்கையைக் கேட்டு மற்றவர்களோடு அதே கணத்தில் சிரிக்கிறாள்.

பிரியமான பிள்ளைகளே, இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது என்ன? தகப்பன் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து உண்கிறார். மகன் தட்டைத் தன் அறைக்கு எடுத்துச் செல்கிறான். மகள் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் சோறுமாய் இருக்கிறாள். பாட்டிக்கு முன்னமே தனியாய் வைத்தாயிற்று. தாய் மூன்று இடத்துக்கும் நடந்து நடந்து பரிமாறுகிறாள். எல்லோரும் எழுந்து கைகழுவிய பின், அடுப்படியில் தனியாய் அமர்ந்து, ஆறிப்போன குழம்பையும் சட்டியின் அடியில் மிஞ்சியதையும் பிசைந்து உண்கிறாள். மீன் துண்டு தீர்ந்துவிட்டதே என்று யாராவது கேட்டால், எனக்கு மீன் அவ்வளவாய்ப் பிடிக்காது என்று பொய் சொல்கிறாள்.

தாய்மாரின் இந்தத் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். தாய் மனமுவந்து கொடுப்பது தியாகம். அதைப் பிள்ளைகளும் கணவனும் கேள்வியின்றி நாள்தோறும் எடுத்துக்கொண்டே இருந்தால், எடுத்துக்கொள்பவர்களுக்கு அதில் என்ன புண்ணியம்? அது நாளடைவில் அநீதியாகிவிடும். அநீதி என்று உணராமலே செய்யும் அநீதிதான் திருத்தக் கடினமானது.

நம் ஆண்டவரைப் பாருங்கள். எரிக்கோ நகரின் வழியோரம் ஒரு குருடன் அவரைக் கூவி அழைத்தான். அவனுக்கு என்ன தேவை என்பது கூட்டத்தில் இருந்த சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். சகலமும் அறிந்த சேசுநாதரோ நின்று, உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று அவனையே கேட்டார். ஏன் கேட்டார்? ஒருவனுடைய விருப்பத்தைக் கேட்பதே அவனை மனிதனாக மதிப்பது. அவன் வாயால் அவன் ஆசையைச் சொல்லவிட்டு, அதன் பிறகே பார்வை கொடுத்தார். வீட்டில் அன்பு இருக்கிறது, ஆனால் கேள்வி இல்லை என்றால் அந்த அன்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

பெத்தானியாவில் மார்த்தாள் வீட்டு விருந்தையும் நினைவுகூருங்கள். ஆண்டவர் மார்த்தாளைக் கடிந்துகொண்டார் என்று மட்டும் நாம் சொல்கிறோம். அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்த அந்த அன்பை மறந்துவிடுகிறோம். அவள் கலங்கி அலைவதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. அவளும் வந்து தமது பாதத்தருகே உட்கார அவர் ஆசைப்பட்டார். “மார்த்தாளும் உட்கார்ந்துவிட்டால் சோறு யார் போடுவது சுவாமி?” என்று நம் தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் தாமே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களைச் சாப்பிட அழைத்தார். தம் கையாலே பரிமாறினார். மரணத்தை வென்ற சர்வேசுரனுடைய குமாரன் அடுப்பு மூட்டியதைத் தாழ்வாக எண்ணவில்லை. ஆண்பிள்ளை அடுப்படிக்குள் போவதா என்று மீசையை முறுக்கும் தகப்பன்மாரே, இதைவிடத் தெளிவான உத்தரவு உங்களுக்கு வேண்டுமா?

இனி அந்த மேசைக்கே திரும்புவோம். சாப்பாடு முடிந்தது. காப்பியும் குடித்தாயிற்று. தகப்பன் கடிகாரத்தைப் பார்க்கிறார். பணச் சீட்டு வரவில்லை. பத்து நிமிடமாகியும் வரவில்லை. பரிசாரகருக்கு மறதி என்று எண்ணிவிடவேண்டாம். அந்த நாட்டில் விருந்தினர் தாமே கேட்கும்வரை சீட்டை மேசைமேல் வைப்பது மரியாதைக் குறைவு. எழுந்து போ என்று சொல்வதற்கு அது சமானம். ஆகையால் உட்கார்ந்திருக்கும் வரை மேசை உங்களுடையது. கடைசியில் சீட்டைப் பார்த்தால், கொப்பெர்த்தோ என்றொரு சிறு தொகை தலைக்கு ஒன்றிரண்டு யூரோவென்று பல கடைகளில் எழுதியிருக்கும். அது ரொட்டிக்கும், விரித்துவைத்த இடத்துக்குமான கட்டணம்.

பங்கு மக்களே, இன்னொரு பந்தி உண்டு. அங்கே இடத்துக்குரிய விலையை ஆண்டவர் கல்வாரியில் தமது இரத்தத்தால் முன்பே செலுத்திவிட்டார். நம்மிடம் சீட்டு நீட்டுவார் யாருமில்லை. ஆயினும் தேவநற்கருணை வாங்கிய வாயோடு, குருவானவரின் கடைசி ஆசீருக்கு முன்பே வாசலுக்கு ஓடி வண்டியைக் கிளப்புகிறவர்கள் எத்தனை பேர்! யாரும் துரத்தாத பந்தியிலிருந்து நாமே ஏன் ஓடுகிறோம்? கோவில் பந்தியில் இருந்து ஓடிப் பழகிய கால்கள் வீட்டுப் பந்தியிலும் நிலைத்திருப்பதில்லை.

இந்த ஓட்டத்துக்கு இன்று கைப்பேசி பெருந்துணை செய்கிறது. உடம்பு மேசையில் இருக்கும், மனம் எங்கோ இருக்கும். 2015-ம் ஆண்டு நவம்பர் 11-ம் நாள் புதன்கிழமை போதனையில் பாப்பரசர் பிரான்சிஸ் இதைப் பற்றியே பேசினார். சேர்ந்து உண்ணாத குடும்பமும், மேசையில் பேசிக்கொள்ளாமல் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பமும் குடும்பம் என்ற பெயருக்கே தகுமோ என்ற கருத்தில் எச்சரித்தார். கடுமையான வார்த்தைதான். ஆனால் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குவோரும் ஒரே கூரையின்கீழ்தான் உறங்குகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் பந்திதானே வித்தியாசம்?

சாப்பாட்டுக்கு முன் செபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூரில், பலர் பார்க்கும் இடத்தில், சிலுவை அடையாளம் வரையச் சிலருக்குக் கூச்சம். ரோமாபுரியில் எல்லா மேசைகளிலும் செபம் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கும் நீங்கள் மட்டுமே சிலுவை வரைபவர்களாய் இருக்கக்கூடும். இருந்தால் என்ன? எம்மாவுஸ் வழியில் சென்ற இரு சீடரும் பிரயாணிகளே. மாலையானதால் வழித்துணையாய் வந்த அந்நியரை வற்புறுத்தித் தங்கவைத்தார்கள். விருந்தாளியாக அமர்ந்தவர் அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டபோது அவர்கள் கண்கள் திறந்தன. கரவாஜியோ என்ற இத்தாலிய ஓவியர் 1601-ம் ஆண்டில் இந்தக் காட்சியைத் தீட்டினார். அந்தப் படம் இப்போது லண்டன் தேசியச் சித்திரக்கூடத்தில் உள்ளது. அதில் சீடர்கள் இருவரும் திகைத்துப்போய் இருக்க, பக்கத்தில் தலையில் தொப்பியோடு நிற்கும் விடுதிக்காரரோ நடந்தது என்னவென்று அறியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரே மேசை, ஒரே அப்பம். ஒருவர் ஆண்டவரைக் காண்கிறார், ஒருவர் சாப்பாட்டை மட்டும் காண்கிறார். நம் செபம் இல்லாவிட்டால் நாமும் அந்த விடுதிக்காரரின் பக்கத்தில்தான் நிற்போம்.

செபம் சொன்ன கை ஏழைக்கும் நீளவேண்டும். ரோமாபுரிக் கடைகளில் அமத்ரிச்சானா என்றொரு பாஸ்தா கிடைக்கும். தக்காளியும் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியும் ஆட்டுப்பால் கட்டியும் சேர்த்துச் செய்வார்கள். அமத்ரிச்சே என்ற மலையூரின் பெயரால் வழங்கும் பதார்த்தம் அது. 2016-ம் ஆண்டு ஆகஸ்ட் 24-ம் நாள் அதிகாலையில் பூமி அதிர்ந்து அந்த ஊர் இடிந்து விழுந்தது. அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். இத்தாலியெங்கும் பல உணவுக் கடைக்காரர்கள் உடனே ஒரு காரியம் செய்தார்கள். விற்கும் ஒவ்வொரு தட்டு அமத்ரிச்சானாவுக்கும், உண்பவர் ஒரு யூரோவும் கடைக்காரர் ஒரு யூரோவுமாக இரண்டு யூரோ எடுத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாய் அந்த மக்களுக்கு அனுப்பினார்கள். உண்ணும்போதே உதவ வழியுண்டு என்பதற்கு இது சாட்சி. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்கு எஞ்சியதைக் கட்டிக் கொடுப்பதற்குப் பதில், முதலிலேயே அவளுக்கென்று எடுத்துவைத்தால் அதுவும் இதே புண்ணியந்தான்.

இவ்வளவும் செய்ய ரோமாபுரிக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை. மேசையும் நாற்காலியும்கூட வேண்டாம். தரையில் விரித்த ஒரு பாய் போதும். எனவே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சனிக்கிழமை மாலையே பிள்ளைகளில் ஒருவர் தாயிடம், பாட்டியிடமும், நாளைக்கு உங்களுக்கு என்ன சாப்பிட ஆசை என்று கேளுங்கள். எதுவானாலும் சரி என்பார்கள். அந்தப் பரிசாரகரைப் போல் புன்னகையோடு காத்து நில்லுங்கள். பதில் வரும்.

இரண்டாவது, சாப்பாடு அனைத்தையும் நடுவில் கொண்டுவந்து வையுங்கள். தாய் உட்கார்ந்த பிறகே தகப்பன் சிலுவை அடையாளம் வரைந்து செபத்தைத் தொடங்கட்டும். அவளுக்கு முதலில் பரிமாறட்டும். தோசை சுடும் இரவில் இது நடக்காது என்பீர்கள். மெய்தான், தோசைக்கல்லுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் என்றும் ஒரே ஆளாய் இருக்கவேண்டும் என்று எந்தக் கற்பனையிலும் எழுதவில்லை.

மூன்றாவது, கைப்பேசிகள் யாவும் வேறு அறையில் இருக்கட்டும். கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை ஒருவரும் எழவேண்டாம்.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் உட்காரச் சொன்னால் மறுத்துவிடாதீர்கள். நான் பிறகு சாப்பிடுகிறேன் என்ற அந்தப் பழைய வார்த்தையை ஞாயிறு ஒருநாளாவது சொல்லாதிருங்கள். அன்பு செய்யப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவேண்டுமானால், அந்த அன்பை ஏற்றுக்கொள்ள நீங்கள் உட்காரவேண்டும்.

நசரேத்தூரின் எளிய வீட்டில் தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் சேசு பாலனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். அத்திருக்குடும்பம் உங்கள் வீட்டுப் பாயிலும் வந்து அமர்வதாக. வருகிற ஞாயிறு உங்கள் யாவருக்கும் நல்ல மதிய போசனம் வாய்க்கட்டும்.

பிதாவும் சுதனும் பரிசுத்த ஆவியுமாகிய சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு